வாசல் சிங்கங்கள்

அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வந்தால் நான் தூண்களில்தான் தொடங்குவேன். வீடு பெரியது, பார்க்க அழகானதும்கூட. ஒரு காலத்தில் யாரோ ஒரு பிரபுவின் மாளிகையாக இருந்ததாம். நாங்கள் இருந்த காலத்தில் அதன் உள்ளே அறைக்கு நான்கு இரும்புக் கட்டில்களும், தரை கழுவும் மருந்தின் மணமும், எந்த நேரமும் யாரோ ஒருவர் வெங்காயம் வதக்கிக்கொண்டிருக்கும் ஒரு பொதுக் குசினியும் இருந்தன. மாளிகை என்ற பெயருக்கு மிச்சமிருந்தது வாசலில் நின்ற இரண்டு கல் தூண்கள் மட்டும்தான்.

மஞ்சளும் சாம்பலும் கலந்த கல். இரண்டு ஆள் உயரம் இருக்கும். சதுரமாகச் செதுக்கி, நடுவில் ஒரு பூவேலை, உச்சியில் அகலமான ஒரு தட்டு. அந்தத் தட்டின் மேல் தூணுக்கொரு சிங்கம் பின்னங்காலில் குந்தியிருந்தது. ஒரு முன்னங்காலில் கேடயம், மற்றதில் வாள். இடது பக்கத்துச் சிங்கத்தின் வாள் பாதியில் முறிந்துபோயிருந்தது. வலது பக்கத்தது முழுசாக இருந்தது. தூண்களுக்கு நடுவே கேற் இல்லை. அதைக் கொளுவியிருந்த இரும்புக் கொக்கிகள் மட்டும் துருப்பிடித்து நீட்டிக்கொண்டு நின்றன. உலக யுத்தத்தின்போது கேற்றைக் கழற்றி உருக்கக் கொண்டுபோனார்கள் என்று வீட்டைப் பராமரித்த ஹவுஸ்மைஸ்டர் சொன்னார். அப்படிச் சொல்லும்போது ஏதோ தன் வீட்டுப் பிள்ளையைக் கொண்டுபோன மாதிரி அவருடைய முகம் வாடும்.

நாங்கள் விட்டு ஓடிவந்த நாட்டின் கொடியிலும் வாள் பிடித்த சிங்கம்தான் நிற்கிறது. ஆமிக்காரன் எங்களை இறக்கி வரிசையில் நிறுத்திய ஒவ்வொரு தடையிலும் அது தலைக்கு மேலே பறந்தது. அதனால் அந்தத் தூண்களை நாங்கள் பார்த்த பார்வையும் ஜெர்மன்காரர் பார்த்த பார்வையும் ஒன்றாக இருக்க வழியில்லை.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது எண்பத்துநான்காம் ஆண்டு இலையுதிர் காலத்தில். கிழக்கு பேர்லினில் விமானம் விட்டு இறங்கி, ரயிலேறி மேற்கு பேர்லினுக்குள் வந்து, தஞ்சம் கேட்டு, அங்கிருந்து ஒவ்வொரு ஊருக்கும் பங்கு பிரித்து அனுப்பிய கூட்டத்தில் நானும் ஒருவன். ஒரு சின்ன பஸ் எங்களை ஏற்றிவந்து அந்த வாசலில் நிறுத்தியது. மழை தூறிக்கொண்டிருந்தது. முதலில் இறங்கியவர் எங்களில் மூத்தவர், ஊரில் கூட்டுறவுச் சங்கக் கடை ஒன்றில் மனேச்சராக இருந்தவர். எல்லோரும் அவரை அண்ணை என்றே கூப்பிட்டோம். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். அண்ணை தலையை நிமிர்த்திச் சிங்கத்தைப் பார்த்தார். பிறகு திரும்பி எங்களைப் பார்த்தார்.

“எங்களுக்கு முதலே வந்து நிக்கிறாங்கள்,” என்றார்.

பஸ்ஸுக்குள் இருந்த அத்தனை பேரும் வயிறு குலுங்கச் சிரித்தோம். பல நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. மாளிகையைக் கண்ட சந்தோசத்தில் சிரிக்கிறோம் என்று நினைத்துச் சாரதியும் சேர்ந்து சிரித்தார்.

ஹவுஸ்மைஸ்டர் நல்ல மனிதர்தான், ஆனால் தூண்கள் விசயத்தில் மட்டும் பொல்லாதவர். அவை அரசாங்கம் பாதுகாக்கும் பழைய சின்னம். அதைச் சொல்லும் சின்னத் தகடு ஒன்றும் அடியில் பதித்திருந்தது. தூணில் சைக்கிளைச் சாத்தக் கூடாது, ஆணி அடிக்கக் கூடாது, கொக்கியில் ஈர உடுப்புத் தொங்கவிடக் கூடாது. எங்களுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை, மாவட்டத்தைத் தாண்டிப் போக அனுமதி இல்லை, இப்போது தூணில் சாயவும் அனுமதி இல்லையா என்று எனக்கு எரிச்சலாக வரும். ஆனாலும் நான் சாய்ந்துகொண்டுதான் நின்றேன். அவர் கண்டும் காணாதமாதிரிப் போய்விடுவார். நான் எதற்காக அங்கே நிற்கிறேன் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது.

நான் என் மனைவிக்காக நின்றேன். வேறொன்றுமில்லை.

கலியாணம் முடித்து ஒரு வருடம்கூட நாங்கள் சேர்ந்து இருக்கவில்லை. ஊரில் இளம் ஆம்பிளைகளைப் பிடித்துக்கொண்டு போகத் தொடங்கியதும் மாமா, அதாவது அவளுடைய தகப்பன், “முதல் நீர் போம், பிள்ளையைப் பிறகு நான் அனுப்பிவைக்கிறன்,” என்று என்னை வெளிக்கிடுத்தினார். நானும் ஏதோ சந்தைக்குப் போய் வருகிறவன்மாதிரி வெளிக்கிட்டு வந்துவிட்டேன். வந்த பிறகுதான் தெரிந்தது, அந்தப் “பிறகு” எவ்வளவு நீளமான சொல் என்று.

வாசலில் நின்றால் நேரே தெரு தெரியும். இரண்டு பக்கமும் லிண்டன் மரங்கள், அதற்கு அப்பால் சோள வயல், தெரு முடிகிற இடத்தில் பஸ் தரிப்பு. அவள் வருவதானால் அந்தத் தெருவால்தான் வரவேண்டும். விமானத்துக்கே ஒழுங்கு இல்லாத காலத்தில் அவள் சொல்லாமல் கொள்ளாமல் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வரப்போவதில்லை என்று எனக்கும் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் கண் போகும். யாராவது ஒரு கிழவி மரக்கறிப் பையோடு இறங்குவாள். அவள்மீது எனக்குச் சும்மா ஒரு கோபம் வரும். பாவம், அவள் என்ன செய்வாள்.

தூரத்தில் இருக்கும்போது ஒருவரை எப்படி ஞாபகம் வைத்திருப்பது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. எனக்கு அவளுடைய முகம் நன்றாக ஞாபகம் இருந்தது, படமும் கையில் இருந்தது. குரல் ஞாபகம் இருந்தது. பாணின் கருகிய கரைத்துண்டை எனக்குத் தராமல் தான் எடுத்துச் சாப்பிடுவது ஞாபகம் இருந்தது. ஆனால் அவள் எப்படி நடப்பாள் என்பது ஒருநாள் திடீரென்று மறந்துபோயிற்று. கையை வீசியா, புடவைக் கரையைப் பிடித்துக்கொண்டா? எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அன்று முழுக்க நான் ஒருவரோடும் கதைக்கவில்லை. அண்ணை சோற்றுக் கோப்பையோடு வந்து பக்கத்தில் நின்றார். என்ன என்று கேட்டார், சொன்னேன்.

“எனக்கு மனிசியின்ரை சண்டை மட்டும்தான் ஞாபகம் இருக்கு,” என்றார். “அதுவும் இப்ப நல்லாத்தான் இருக்கு. சாப்பிடும்.”

அந்தக் காலத்தில் எங்களுக்குக் குரல் வந்தது கசற்றில். ஊரிலிருந்து யாராவது வெளிக்கிட்டால் அவர்களிடம் பதிந்து கொடுத்துவிடுவார்கள். அவள் ஒரு கசற் அனுப்பியிருந்தாள். வானொலியில் செய்தி வாசிப்பவள்மாதிரி, “அன்பான உங்களுக்கு, நாங்கள் இங்கு அனைவரும் நலம்,” என்று தொடங்கினாள். என் மனைவி வீட்டில் ஒருநாளும் “அனைவரும்” என்று சொன்னதில்லை. மாமாவும் மாமியும் பக்கத்தில் இருந்தபடியால் வந்த வெட்கம். கடைசியில் மாமா வாங்கி, “மருமகன், ஒண்டுக்கும் யோசிக்காதையும். எல்லாம் ஒழுங்கு செய்யிறன்,” என்றார். அதற்குப் பிறகு யாரும் கதைக்கவில்லை. ஆனால் ரேப் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ கதிரையை இழுத்தார்கள். அவள் தூரத்தில், “நிப்பாட்டீட்டியளோ அப்பா?” என்று கேட்டாள். அந்த ஒரு வசனத்துக்காகத்தான் நான் அந்தக் கசற்றைத் தேயத் தேயக் கேட்டேன். அதில்தான் அவள் இருந்தாள்.

எண்பத்தாறாம் ஆண்டு கோடையில் ஒரு கதை பரவியது. கிழக்கு பேர்லின் வழியை மூடப்போகிறார்கள், இனி விசா இல்லாதவர்களை அந்தப் பக்கத்தால் விடமாட்டார்கள் என்று. வீட்டில் யாருடைய ஆள் ஊரில் நின்றதோ அவரெல்லாம் பேயடித்தமாதிரித் திரிந்தார்கள். நான் மாமாவுக்குச் செய்தி அனுப்பினேன், உடனே அனுப்புங்கோ, இனிச் சுணங்கினால் வர ஏலாது என்று. பிறகு வழக்கம்போல வாசலில் போய் நின்றேன்.

கொழும்பிலிருந்து வெளிக்கிட்டுவிட்டாள் என்று யாரோ சொன்னார்கள். அதன் பின் ஒன்றும் இல்லை. மொஸ்கோவில் நிறுத்திவைத்திருக்கிறார்களாம் என்றார் ஒருவர். திருப்பி அனுப்பிவிட்டார்களாம் என்றார் இன்னொருவர். “ஏதும் தெரிஞ்சுதோ?” என்று ஆளுக்கு ஆள் கேட்பார்கள். கேட்பவனுக்கு அடிக்கலாமா என்றிருக்கும். அப்படி இருக்கும்போது ஒருநாள் பின்னேரம் மாடிப்படிக்குக் கீழே இருந்த தொலைபேசி அடித்தது. யாரோ என் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள்.

“நான்தான்,” என்றாள். “பேர்லினுக்கு வந்திட்டன்.”

“சுகமோ? மாமா, மாமி எல்லாரும் சுகமோ?” என்று கேட்டேன்.

“ஓம். எல்லாரும் சுகம்,” என்றாள். அதற்குள் காசு முடிந்து தொலைபேசி அறுந்துவிட்டது.

அதற்குப் பிறகும் கிழமைக்கணக்கில் காத்திருந்தோம். அவளை வேறு மாநிலத்துக்கு அனுப்பாமல் என்னிடம் அனுப்பவேண்டும் என்று நான் அன்ராக் போட்டேன். அன்ராக் என்றால் விண்ணப்பம். ஜெர்மன் மொழியில் நாங்கள் முதலில் படித்த சொல் அதுதான், வணக்கம்கூட அதற்குப் பிறகுதான் படித்தோம். கடைசியில் சமூக உதவிக் கந்தோரில் இருந்த பெண் சிரித்துக்கொண்டு சொன்னாள், வியாழக்கிழமை உன் மனைவி ரயிலில் வருகிறாள், பட்டணத்து ஸ்டேசனுக்குப் போய்க் கூட்டிக்கொண்டு வா என்று. நான் நன்றி சொன்னேனா என்பதுகூட ஞாபகமில்லை. வீட்டுக்கு எப்படி வந்தேன் என்பதும் ஞாபகமில்லை.

செய்தி தெரிந்ததும் வீடே கலியாண வீடாக மாறிவிட்டது. அதுவரை அந்த வீட்டுக்கு ஒருவருடைய மனைவியும் வந்து சேர்ந்ததில்லை. என்னுடைய அறையில் இருந்த மூவரும் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வேறு அறைகளுக்குப் போனார்கள், யாரும் சொல்லாமலே. ஒருவன் அனுமதி இல்லாமல் மாவட்டத்தைத் தாண்டிக் கெல்சென்கிர்ச்சனுக்குப் போனான். அங்கே ஒரு தமிழரின் வீட்டு அலுமாரிதான் எங்கள் எல்லோருக்கும் கடை. தேங்காயும், குங்குமமும், ஒரு சரை மஞ்சள்தூளும் கொண்டுவந்தான். பொலிஸ் பிடித்திருந்தால் குற்றப்பணம் கட்டியிருக்க வேண்டும். அதைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை.

வாசலில் இரண்டு தூண் இருக்கும்போது வாழை கட்டாமல் எப்படி ஒரு பெண்ணை உள்ளே எடுப்பது? வாழைக்கு எங்கே போவது? பக்கத்து வயல்காரரிடம் கேட்டு, கதிரோடு நின்ற சோளத் தடிகளை வெட்டிக்கொண்டுவந்து தூணுக்கு ஒரு கட்டாகக் கட்டினோம். தூரத்தில் பார்த்தால் குட்டி வாழைமாதிரி இருந்தது என்று நாங்களே எங்களை மெச்சிக்கொண்டோம். வேலியில் நின்ற ஒரு செடியின் இலை மாவிலைமாதிரியே நீளமாகவும் தடிப்பாகவும் இருக்கும். அதைப் பிடுங்கிக் கோர்த்துத் தோரணமாக்கினோம். குசினியில் இருந்த அலுமினியப் பானை நிறைகுடமாயிற்று.

எல்லாம் முடிந்த பிறகு அண்ணை தெருவில் இறங்கி நின்று ஏறிட்டுப் பார்த்தார். முகம் சுருங்கியது.

“தங்கச்சி வந்து இறங்கினவுடனை முழிவியளம் இதுவோ?” என்று கையை மேலே காட்டினார். “அங்கையிருந்து இந்தச் சனியனுக்குப் பயந்து ஓடி வாறா. இஞ்சை வாசலிலை வாளோடை குந்திக்கொண்டிருந்தா அந்தப் பிள்ளைக்கு எப்பிடி இருக்கும்?”

முதல் பார்வையில் என்ன படுகிறதோ அதன்படிதான் மிச்சமெல்லாம் நடக்கும் என்பதில் எங்கள் ஆட்களுக்கு அசையாத நம்பிக்கை. ஒருவரும் மறுத்துச் சொல்லவில்லை. எனக்கும் சரியாகத்தான் பட்டது. மூடிவிடுவது என்று முடிவாயிற்று. மூடுவதற்கு எங்களிடம் இருந்தது கந்தோர் தந்த கட்டில் விரிப்புகள் மட்டும்தான். கிழமைக்கு ஒருமுறை வெளுத்து வரும் நல்ல சுத்தமான விரிப்புகள்.

ஹவுஸ்மைஸ்டரிடம் பயந்து பயந்துதான் கேட்டோம். அவர் கோபிக்கவில்லை. அந்த நாட்டில் பெரிய தோட்டங்களில் இருக்கும் சிலைகளைப் பனிக்காலத்துக்கு முன் மூடி வைப்பார்கள், கல் வெடிக்காமல் இருப்பதற்காக. அகதிகளுக்குக்கூடத் தன்னுடைய தூண்களில் இவ்வளவு அக்கறை வந்துவிட்டது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். ஏணியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். கயிறு கல்லை அராவாமல் எப்படி முடிச்சுப் போடுவது என்றும் காட்டித் தந்தார். கடைசியில் எனக்குக் கைகொடுத்துவிட்டுப் போனார்.

இரண்டு சிங்கமும் தலையிலிருந்து கால்வரை வெள்ளைக்குள் போயின. விரிப்பின் மிச்சம் தூணின் பாதிவரை தொங்கியது. பார்த்தோம், நல்லாயிருந்தது. இத்தனை பேர் நின்று பார்த்தோம். அவ்வளவு பேரும் யாழ்ப்பாணத்தார், வயதுக்கு வந்த ஆம்பிளைகள், எத்தனையோ செத்தவீட்டில் பந்தல் போட்டவர்கள். ஒருவருக்கும் ஒன்றும் படவில்லை.

வியாழக்கிழமை காலையிலேயே நான் ஸ்டேசனுக்குப் போய்விட்டேன். இருந்ததில் நல்ல சேட், இரவல் கோட்டு. ஒவ்வொரு ரயிலுக்கும் எழும்பி ஒவ்வொரு பெட்டியாகப் பார்ப்பேன். அவளுடைய நடை எனக்கு மறந்திருந்ததே, அதனால் எல்லாப் பெண்களையும் பார்க்க வேண்டியிருந்தது. ரயில் போன பிறகு மேடை வெறுமையாகும். அடுத்த ரயில் வரும். மத்தியானம் ஆயிற்று. கந்தோருக்குத் தொலைபேசி எடுத்தேன். எனக்குத் தெரிந்த ஜெர்மனில் கேட்டேன். அந்தப் பெண் தேடிப் பார்த்துவிட்டு, ஓ, மன்னிக்கவேண்டும், ரயில் இல்லை, ஒரு சின்ன பஸ்ஸில் நேரே வீட்டுக்கே அனுப்பியிருக்கிறார்கள், இப்போது அங்கே இருப்பாள் என்றாள். இவ்வளவு பெரிய விசயத்தை மழை பெய்கிறது என்று சொல்கிறமாதிரிச் சொன்னாள்.

பஸ்ஸிலிருந்து தெருமுனையில் இறங்கினேன். தெருவின் மற்ற முனையில் எங்கள் வாசல்.

இரண்டு வருடத்தில் அந்த வாசலை நான் அநேகமாக உள்ளேயிருந்துதான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். வெளியிலிருந்து, அதுவும் தூரத்திலிருந்து, விரிப்புக் கட்டிய பிறகு பார்ப்பது அதுதான் முதல் தடவை. தூண் இரண்டிலும் வெள்ளை தொங்கியது. வாசலில் ஆம்பிளைகள் கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, கதை பேச்சில்லாமல் நின்றார்கள். செத்தவீடு. எங்கள் ஊரில் வாசலில் வெள்ளை தொங்கினால் அதற்கு வேறு அர்த்தமே கிடையாது, தெருவால் போகிற யாரும் செத்தது யார் என்று கேட்டுச் சைக்கிளை விட்டு இறங்குவார்கள். நாங்களே கட்டிய வெள்ளை என்று தெரிந்திருந்தும் நான் அந்தத் தெருவில் ஓடினேன். அவளுக்கு ஏதோ நடந்துவிட்டது என்றே ஓடினேன்.

அவள் வாசலுக்கு வெளியே, தெருவோரப் புல்லில், தன் பையின் மேல் இருந்தாள்.

அண்ணைதான் முதலில் வாய் திறந்தார். அவருக்கு அழுகை வருகிறமாதிரி இருந்தது. “தம்பி, தங்கச்சி பஸ்ஸாலை இறங்கி மேலை பாத்திட்டு, ‘ஆர்?’ எண்டு கேட்டா. எனக்கு விளங்கேல்லை. நிண்ட ஆக்களுக்குள்ளை உம்மைத் தேடினா, காணேல்லை. பிறகு அப்பிடியே நிலத்திலை இருந்திட்டா. நீர் ஸ்ரேசனுக்குப் போனனீர் எண்டு எல்லாரும் மாறி மாறிச் சொன்னம். நம்பேல்லை. ‘அவரைக் கண்ணாலை காணாமல் நான் உள்ளுக்கு வரமாட்டன்’ எண்டு இருக்கிறா.”

அவள் எழும்பவில்லை. என்னுடைய சப்பாத்தில் தொடங்கி மெல்ல மெல்ல மேலே பார்த்துக்கொண்டு வந்தாள். முகத்துக்கு வர நேரம் எடுத்தது. அவளுடைய கண்கள் வீங்கியிருந்தன.

“மெலிஞ்சு போனியள்,” என்றாள்.

“நீரும்தான்,” என்றேன். சுற்றி அவ்வளவு ஆம்பிளைகள் நின்றதால் கையைப் பிடிக்கவும் முடியவில்லை. அவளுடைய பையைத் தூக்கினேன். “வாரும், உள்ளுக்குப் போவம்.”

“முதல் அந்த வெள்ளையைக் கழட்டுங்கோ.”

“அதுக்குள்ளை சிங்கம் இருக்கு,” என்றேன். “கொடியிலை இருக்கிறமாதிரியே, வாளோடை. நீர் காணக்கூடாது எண்டுதான் மூடினது.” சொல்லும்போதே அது எவ்வளவு முட்டாள்தனமாக இருக்கிறது என்று எனக்கே கேட்டது.

அவள் ஏறிட்டுப் பார்த்தாள். “சிங்கத்தைக் காணாமலோ இவ்வளவு தூரம் வந்தனான்? ஆனையிறவிலை கண்டன், வவுனியாவிலை கண்டன், எயார்போட்டிலையும் கண்டன். அது இருந்திட்டுப் போகட்டும். வெள்ளையைத் தாண்டி என்னாலை வர ஏலாது.”

“தெரியாமல் செய்த பிழை அது, தங்கச்சி,” என்றார் அண்ணை.

“பிழையெண்டு தெரியும் அண்ணை,” என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். “அப்பாவுக்குக் கட்டின வெள்ளையைத் தாண்டித்தான் நான் வீட்டாலை வெளிக்கிட்டனான். இன்னொருக்கா ஏலாது.”

எனக்கு உடனே ஏறவில்லை. எந்த அப்பா என்று கேட்கப் போனேன். பிறகுதான் மாமாவைச் சொல்கிறாள் என்று விளங்கிற்று. அண்ணை குனிந்து நிறைகுடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். மற்றவர்கள் சோளத் தடிகளையும் தோரணத்தையும் அவிழ்த்தார்கள். ஹவுஸ்மைஸ்டர் முணுமுணுத்துக்கொண்டு திரும்பவும் ஏணியைக் கொண்டுவந்து வைத்தார். பனிக்காலம் இன்னும் வரவில்லையே என்று அவர் யோசித்திருப்பார். நானே ஏறிக் கழற்றினேன். அவள் சிங்கத்தைப் பார்க்கவே இல்லை, நேரே நடந்து உள்ளே வந்தாள். வலது கையால் புடவைக் கரையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

அந்த வீட்டில் இரண்டு பேர் தனியே இருந்து கதைக்க ஓர் இடம் கிடையாது. அறைச் சுவர்கள் பலகை, ஒருவர் தும்மினால் மூன்று அறை கேட்கும். குளித்துவிட்டு வந்து, ஒரு பிடி சோறு சாப்பிட்டுவிட்டு, நாங்கள் வெளியே வந்து தூணின் அடிக்கல்லில் இருந்தோம். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

ஊரடங்கு போட்டிருந்த நேரம் மாமாவுக்கு நெஞ்சு நொந்திருக்கிறது. ஆஸ்பத்திரி நடந்து போகிற தூரம்தான். தெருவில் இறங்கினால் சுடுவார்கள். விடியும்வரை வைத்திருந்தார்கள், மாமாவுக்கு விடியவில்லை. அவளுடைய பயணம் அடுத்த கிழமைக்கு ஒழுங்காகியிருந்தது. மாமாவே ஓடித்திரிந்து செய்த ஒழுங்கு.

“அப்பாவின்ரை முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அண்டைக்கு நான் பேர்லின் காம்பிலை சாப்பாட்டு வரிசையிலை நிண்டனான்,” என்றாள். “கையிலை பிளாத்திக் தட்டு. இண்டைக்கு அந்தியேட்டி எண்டு சொல்லக்கூட ஒருதரும் இல்லை.”

“போனிலை சொல்லியிருக்கலாமே.”

“காசு முடியிற போனிலை என்னெண்டு சொல்லுறது?”

மாமாவின் குரல் காதுக்குள் நின்றது, ஒண்டுக்கும் யோசிக்காதையும் என்று. பிறகு, “மாமி?” என்று கேட்டேன்.

“தனிய. அம்மாதான் என்னைத் துரத்திவிட்டவ. நான் அழுதுகொண்டு நிக்க, ‘போ, அந்தப் பிள்ளை அங்கை தெருவைப் பாத்துக்கொண்டு நிக்கும்’ எண்டு பையைத் தூக்கி என்ரை கையிலை தந்தவ.” முகத்தைத் துடைத்தாள். “இனி அவவைக் கூப்பிடவும் ஏலாது. வழி பூட்டப்போறாங்களாம்.”

அது உண்மைதான். அந்த இலையுதிர் காலத்தோடு அந்த வழி மூடப்பட்டுவிட்டது.

“நீங்கள் கூப்பிடாட்டி நான் அங்கை நிண்டிருப்பன்,” என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று பார்த்தேன். மாமியை எப்படியாவது எடுப்பம், எல்லாம் சரிவரும், இந்தமாதிரி. அந்த வீட்டில் எல்லோரும் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்த பொய்கள்தான். அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒன்றையும் சொல்ல மனம் வரவில்லை. என் மனதில் இருந்தது வேறு. அதைச் சொல்லலாமா கூடாதா என்றும் தெரியவில்லை. கடைசியில் சொல்லிவிட்டேன்.

“நீர் வந்தது எனக்குச் சந்தோசம். மாமா செத்ததைக் கேட்டாப் பிறகும், மாமி தனிய எண்டு கேட்டாப் பிறகும், உம்மைப் பக்கத்திலை காணக் காண எனக்குச் சந்தோசமாத்தான் இருக்கு. என்ன செய்யிறது எண்டு தெரியேல்லை.”

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

“தெரியும்,” என்றாள். “அதுக்குத்தானே வந்தனான்.”